பாலம் தாண்டிய ஏழாம் நம்பர் அண்டா

நஜிமுதீன் வாடகைப் பாத்திர நிலையம்,
சத்திரம் பேருந்து நிலையம் பின்புறம்,
திருச்சிராப்பள்ளி.
புதன்கிழமை

பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் மேலான நிலையில் இருக்கும் அன்பு மருமகன் அர்ஹம் அவர்களுக்கு, மாமனார் நஜிமுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கருணையால் நானும் உங்கள் மாமியார் ஷரபுன்னிசாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். மனதுக்கு என்ன என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். நீங்களும் என் மகள் தஸ்லிமாவும் அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். நீங்கள் தயார் செய்கிற மருந்தை நீங்கள் சாப்பிடுவதில்லை, நாங்கள்தானே சாப்பிடுகிறோம்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பீர்கள். போன் பண்ணினால் தஸ்லிமா எடுத்து, "அத்தா, அவங்க மீட்டிங்ல இருக்காங்க, நீங்க கோவமா இருக்கிற மாதிரி இருக்கு, நாளைக்குப் பேசுங்க" என்று வைத்துவிடுகிறாள். வாட்ஸப்பில் எழுதினால் நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் மாமியார் பக்கத்திலேயே நின்று, "மாப்பிள்ளை மனசு நோகுற மாதிரி ஒரு வார்த்தை இருக்கக் கூடாது" என்கிறாள். ஆகவே முழுக் கடிதத்தையும் மரியாதையாகவே எழுதுகிறேன். மரியாதைக்கு நடுவில் ஏதாவது குத்தினால் அது பேனா முனை என்று எடுத்துக்கொள்ளவும்.

பக்ரீதுக்குப் பத்து நாள் லீவில் வந்திருந்தீர்கள். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து கை கழுவக்கூட விடாமல், ஹாலில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றச் சொல்லி அந்தச் சுவரில் படம் ஓட்டினீர்கள். முதல் படத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்கு நடுவில் ஒரு மனிதன். "இதுக்குப் பேரு மனிதரை மையமா வச்ச டிஜிட்டல் மாற்றம் மாமா. மெஷினுக்காக மனுஷன் மாறக் கூடாது, மனுஷனுக்காக மெஷின் மாறணும். சமுதாயத்தையே இது மாத்தி அமைக்கப் போகுது" என்றீர்கள். நான் அந்த நடு மனிதனை உற்றுப் பார்த்தேன். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை, உரித்த முட்டை மாதிரி ஒரு தலை மட்டும் இருந்தது. "யார் மாப்பிள்ளை இது?" என்று கேட்டேன். "யாரா வேணா இருக்கலாம் மாமா, அதான் விஷயமே" என்றீர்கள். யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிற ஆளிடம் நான் இந்த முப்பத்தோரு வருஷத்தில் ஒரு ஜாரணிக் கரண்டிகூடக் கொடுத்தனுப்பியதில்லை. அன்றைக்கே எழுந்து கடைக்குப் போயிருக்க வேண்டும். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், போகட்டும் என்று தலையை ஆட்டிவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன், மறந்திருக்க மாட்டீர்கள்: "எது வேணா மாத்துங்க, ஆனா என் கடையில கடைசிச் சொல் என்னுதா இருக்கணும்." அதற்கு நீங்கள், "அது ஒரு பட்டன் மாமா, போட்டுடறேன்" என்றீர்கள்.

என் தொழில் என்ன என்பதையும் அன்றைக்கே சொன்னேன். நீங்கள் குறித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் இன்னொரு தடவை சொல்கிறேன், ஏனென்றால் குறித்துக்கொள்வது வேறு, கேட்டுக்கொள்வது வேறு. கல்யாணம், காதுகுத்து, மவுத்தான துக்க வீடு, எதற்கும் நம்மிடம் பாத்திரம் வாடகைக்கு எடுப்பார்கள். நம்மிடம் இருப்பது இரண்டு ஜமா, அதாவது இரண்டு செட். ஒன்று திருச்சிப் பக்கத்துப் பாத்திரம், சத்திரம் கிடங்கில் இருப்பது. பிரியாணி, குருமா, தால்சா எல்லாம் அதில். இன்னொன்று ஸ்ரீரங்கத்துப் பாத்திரம், அம்மா மண்டபம் ரோட்டுக் கிடங்கில் இருப்பது. அதில் முட்டைகூட வெந்தது கிடையாது. இரண்டுக்கும் நடுவே காவிரி ஓடுகிறது. அந்தப் பக்கத்து அண்டா பாலம் தாண்டி இந்தப் பக்கம் வராது, இந்தப் பக்கத்து அண்டா அந்தப் பக்கம் போகாது. இதற்கு ரசீது இல்லை, பத்திரம் இல்லை, முத்திரை இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீரங்கத்தில் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் யமுனா அம்மா, "பாய், நீங்க சொன்னா சரி" என்றார். நான் "சொல்றேம்மா" என்றேன். அவ்வளவுதான் ஒப்பந்தம். தாடியும் தொப்பியுமாக இருக்கிற ஒருத்தன் கிடங்கிலிருந்து பாத்திரம் எடுத்து அக்காரவடிசல் கிண்டுகிறார்கள் என்றால், அது அந்த ஒரு சொல்லின் மேல்தான் அடுப்பில் நிற்கிறது. சமுதாயம் என்று நீங்கள் சுவரில் காட்டினீர்களே, எனக்குத் தெரிந்து அது இப்படித்தான் இருக்கிறது.

சரி, மாற்றம் ஆரம்பித்தது. கடைக்கு ஆறு போன் கொடுத்து, அதில் உங்கள் கருவியை ஏற்றினீர்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கட்டம் கட்டமாகக் கோலம் போட்ட ஒரு ஸ்டிக்கர். அடியில் ஒட்டினால் அழகு கெடாது என்று அடியில் ஒட்டச் சொன்னீர்கள். அடுப்பு எந்தப் பக்கம் எரியும் என்று உங்கள் ஆபீசில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. முதல் கல்யாணத்திலேயே முப்பது ஸ்டிக்கர் வெந்தது. சாப்பிட வந்தவர்கள், சாம்பாரில் டயர் போட்டாயா என்று சமையல்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் பாத்திரக் காதில் தகடு அடித்து நம்பர் போட்டீர்கள், அது நின்றது. அடுத்தது, ஸ்ரீரங்கத்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வீரம்மாளைப் பேட்டி கண்டீர்கள். இருபத்தாறு வருஷமாக அந்தக் கிடங்கில் பாத்திரம் தேய்ப்பது, எண்ணுவது, மண்டபத்தில் கொண்டுபோய் ஒப்படைப்பது எல்லாம் அவள்தான். எந்த அண்டாவில் எந்த வருஷம் எந்தக் கல்யாணத்தில் நெளிசல் விழுந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அவளிடம் கேட்க ஆயிரம் கேள்வி இருக்கிறது. நீங்கள் கேட்டது, "வேலையில உங்களுக்கு என்ன கஷ்டம்மா?" அவள், "முழங்கால் வலிதான் தம்பி" என்றாள். உடனே அவள் போனில் ஒரு பெண் குரலை வைத்துவிட்டீர்கள். "வீரம்மாள், நீங்கள் நீண்ட நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து சற்று நடங்கள்." போன் தண்ணீர் படாமல் அலமாரியில் இருக்கும், அதனால் அது உட்கார்ந்திருக்கும். அவள் தலையில் குத்துப்போணியை வைத்துக்கொண்டு படி ஏறிக்கொண்டிருப்பாள். மணிக்கு ஒரு தடவை அலமாரி அவளை நடக்கச் சொல்லும். "இவ யாரு மொதலாளி, குந்துன எடத்துலேருந்து என்னய வேல ஏவுறா?" என்று இரண்டு மாதமாகக் கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல? மனிதரை மையமாக வைத்திருக்கிறோம் என்றேன். "யாரு வச்சா? எங்க வச்சாங்க?" என்றாள்.

பாலக்கரையில் ஒரு மவுத் வீடு. மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு நம்மிடம்தான் பாத்திரம். திருப்பி அனுப்பின மறு நிமிஷம் உங்கள் கருவி அந்த வீட்டுப் பெரியவருக்குச் செய்தி அனுப்புகிறது: "உங்கள் கொண்டாட்டத்தில் பங்கு பெற்றதில் மகிழ்ச்சி! அடுத்த நிகழ்ச்சி எப்போது?" கூடவே பலூன் படம். தகப்பனைப் பறிகொடுத்த மனுஷர் போனை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்து, என் மேஜையில் வைத்து, "பாய், அடுத்தது யாருன்னு கேக்குறீங்களா? எங்க சின்னாத்தாவுக்குக் கொஞ்சம் முடியலதான். இருங்க, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றார். கடையில் இருந்த ஆட்களெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் உங்களுக்குத் தெரிவித்தேன். "நல்ல ஃபீட்பேக் மாமா" என்று கட்டைவிரல் காட்டினீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். நான் இவ்வளவையும் பொறுத்தேன் என்பதை உங்கள் மாமியார் இந்த இடத்தில் அடிக்கோடு போடச் சொல்கிறாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆவணி முகூர்த்தம். சித்திர வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம், யமுனா அம்மா சமையல். நானூறு இலை என்று சொல்லியிருந்தவர் சனிக்கிழமை அறுநூறு என்று ஏற்றினார். பழைய காலமாக இருந்தால் எனக்குப் போன் வரும், நான், "அம்மா, அந்தப் பக்கத்துல பெரிய அண்டா நாலுதான் இருக்கு, மத்த ரெண்டு வேற கல்யாணத்துல நிக்குது, சாதத்தை ரெண்டு ஈடா வடிச்சுக்குங்க" என்பேன், அவர், "சரி பாய்" என்பார், முடிந்தது. இப்போது போன் எனக்கு வராது, கருவிக்குப் போகும். கருவி பார்த்தது: ஆறு அண்டா வேண்டும், ஸ்ரீரங்கத்தில் நாலு இருக்கிறது, சத்திரத்தில் ரெண்டு சும்மா கிடக்கிறது. ஒரே அளவு, ஒரே எடை. டிரைவர் கலீமுக்கு உத்தரவு போட்டது. ஏழாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் ஸ்ரீரங்கம் போ. ஏழாம் நம்பர் எது என்று உங்களுக்குத் தெரியுமா? வெள்ளிக்கிழமை தென்னூரில் ஒரு வலிமா விருந்தில் எண்பது கிலோ மட்டன் வெந்த அண்டா.

எல்லா முடிவையும் உங்கள் கருவியே எடுக்கிறது, மாப்பிள்ளை. இரண்டு ஜமாவையும் ஒரே பட்டியலாக்கிவிட்டது, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசிச் சொல் என்னுடையது என்று நீங்கள் போட்ட பட்டன் எந்தக் காவிரியில் விழுந்ததோ. கலீமை நான் குறை சொல்ல மாட்டேன். பதினெட்டு வருஷம் என்னோடு இருக்கிறவன். முன்னேயெல்லாம் ஒரு ஜக்கு மாறியிருந்தால்கூட, "பாய், இது அந்தப் பக்கத்துதாச்சே" என்று நிற்பான். இப்போது வழியில் நின்று கேட்டால் போனில் சிவப்பு மார்க் விழுகிறதாம். அப்புறம் அவனிடம் நான் கேட்டபோது, "மொத மாசம் மூணு தடவ கேட்டேன் பாய், மூணு சிவப்பு. அப்புறம் கேக்குறத நிறுத்திட்டேன்" என்றான்.

காலை ஒன்பதரைக்குக் கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். போன் மணி அடித்தது. "வாழ்த்துகள் நஜிமுதீன்! இந்த வாரம் உங்கள் பாத்திரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு வேலை செய்கின்றன." பெயருக்குப் பின்னால் ஒரு 'அவர்கள்' கூடக் கிடையாது. கீழே தள்ளிப் பார்த்தேன். 'அண்டா 7, ஸ்ரீரங்கம்.' டீ கிளாஸ் எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கலீமுக்குப் போட்டேன். "இவர் வண்டி ஓட்டுகிறார். இவருடைய பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம்" என்று அதே பெண் குரல். மறுபடி போட்டேன், மறுபடியும் அவன் பாதுகாப்பு முக்கியம். என் பாதுகாப்பு யாருக்கு முக்கியம்? உங்கள் உதவி எண்ணுக்குப் போட்டேன். "உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது. தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்றது. என் உணர்வு புரிந்த பிறகும் தமிழா என்று அதற்குச் சந்தேகம் வந்தது பாருங்கள், அங்கேதான் நான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாளில் காவிரிப் பாலத்தை ஸ்கூட்டரில் தாண்டுவது எப்படி இருக்கும் என்பதை நீங்கள் ஒரு தடவை மையத்தில் நின்று அனுபவிக்க வேண்டும். பாலத்தில் இரண்டு பஸ் ஒன்றையொன்று பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மாம்பழச் சாலையில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக் கார், பூச்சரத்தால் முன் கண்ணாடியை மூடிக்கொண்டு நடுரோட்டில் நின்றது. எனக்கு அறுபத்து மூன்று வயது. வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் ஓடியது: அரிசி போட்டுவிட்டார்களா, இல்லையா? போட்டுவிட்டால், அந்த அறுநூறு பேரும் சாப்பிட்டு எழுந்து போய்விடுவார்கள், ஒருத்தருக்கும் தெரியாது. தெரிகிறவன் நான் ஒருத்தன்தான். இருபத்திரண்டு வருஷச் சொல் என் ஒருத்தன் வயிற்றில் அழுகிக்கொண்டு கிடக்கும்.

மண்டபத்துச் சமையல்கட்டுக்குள் போனால் ஒரே சத்தம். நடுவில் வீரம்மாள். ஏழாம் நம்பர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பதாம் நம்பரையும் கவிழ்த்து அதன் மேல் காலை நீட்டியிருக்கிறாள். சுற்றிலும் ஐந்து சமையல்காரர்கள், எதிரில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யமுனா அம்மா.

"வாங்கோ பாய், நல்ல வேளை வந்தேள்! உங்க ஆள் என்ன பண்றா பாருங்கோ. ஒரு மணி நேரமா அண்டா மேல உட்கார்ந்துண்டு எழுந்திருக்க மாட்டேங்கறா. தளிகைக்கு வந்த பாத்திரத்து மேல யாராவது உட்காருவாளோ? கேட்டா முழங்கால் பிடிச்சுண்டுடுத்தாம்!"

"புடிச்சிக்கிச்சும்மா, நான் என்ன செய்ய?" என்றாள் வீரம்மாள், என்னைப் பார்க்காமலே.

அப்போது அவள் இடுப்பில் இருந்த போன் வாயைத் திறந்தது. "வீரம்மாள், நீங்கள் நீண்ட நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து சற்று நடங்கள்."

"பாருங்கோ, அதுவே சொல்றது!" என்றார் ஒரு சமையல்காரர்.

"அது கெடக்குது கழுத" என்று போனை ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டு மாதத்தில் உங்கள் கருவி சரியாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான், மாப்பிள்ளை. அதையும் நாங்கள் கேட்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டியிலிருந்து இறக்கும்போதே விளிம்பில் தனக்குத் தெரியாத நெளிசலைப் பார்த்து, இது திருச்சிப் பக்கத்துச் சாமான் என்று கண்டுபிடித்துவிட்டாள். கலீம் இறக்கிப் போட்டுவிட்டு அடுத்த உத்தரவுக்குப் பறந்துவிட்டான். எனக்குப் போன் போட்டிருக்கிறாள், வரவில்லை. ஏனென்றால் மாமாவுக்குப் பிரஷர் ஏறக் கூடாது, வேலைக்காரர்கள் நேரடியாகக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அன்பாக யோசித்து, அவர்கள் அழைப்பையெல்லாம் புகார்ப் பெட்டிக்குத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். (அந்தப் புகார் நேற்று எனக்கு வந்து சேர்ந்தது. 'வீரம்மாள். அண்டா. முக்கியத்துவம்: குறைவு.') யமுனா அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் முதலாளி பெயர் கெட்டுப்போகும், சொல்லாவிட்டால் அதில் சமைத்துவிடுவார்கள். ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறாள். மேலே ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஆள் உட்கார்ந்த பாத்திரத்தை அடுப்பில் ஏற்ற மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. அந்த யோசனைக்கு உங்கள் பெங்களூர் ஆபீசில் எத்தனை மாடி வேண்டும்?

அந்த முழங்கால் வலியையே பிடித்துக்கொண்டு, "ஆமாம்மா, பாவம், வயசாயிடுச்சு, ரெண்டையும் எடுத்துட்டுப் போயிடறேன்" என்று நான் தப்பித்திருக்கலாம். வாய் நுனி வரை வந்தது. வியாபாரி இல்லையா, வராமல் இருக்குமா? ஆனால் எனக்காக ஒருத்தி ஒரு பொய் சொல்லி ஒரு மணி நேரம் திட்டு வாங்கியிருக்கிறாள், அதன் மேல் நான் இன்னொன்றை அடுக்கினால், அடுத்த தடவை 'இது இந்தப் பக்கத்துப் பாத்திரம்தான்' என்று எந்த வாயால் சொல்வேன்? "அம்மா, இது ரெண்டும் அந்தப் பக்கத்து அண்டா. தப்பு என்னுது. இந்த அம்மாவுக்கு முழங்கால் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

சமையல்காரர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். யமுனா அம்மா வீரம்மாளைப் பார்த்து, "இதுல ஏதாவது போட்டாளோ?" என்றார்.

"ஒரு சொட்டுத் தண்ணி படலம்மா. எறங்குன ஒடனே குந்திட்டேன்."

"எழுந்திரு. காபி சாப்டு" என்றார் அவளிடம். என் பக்கம் திரும்பி, "பாய், இத்தனை வருஷத்துல உங்க பாத்திரத்தை நான் மோந்து பார்த்தது கிடையாது" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, நான் நிற்கும்போதே, மீதி நாலு அண்டாவுக்குள்ளும் ஒவ்வொன்றாகத் தலையைக் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

மாப்பிள்ளை, நான் தொழில் ஆரம்பித்த காலத்தில் என்னைச் சந்தையில் செருப்பால் அடிக்க வந்திருக்கிறார்கள். அது எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. சாதம் இரண்டு ஈடாக வடிந்தது. பந்தி முக்கால் மணி நேரம் தாமதம். சம்பந்தி வீட்டு மாமா ஒருத்தர் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டியே கண்ணாடியை உடைத்துக்கொண்டார். அது போகட்டும். தை மாதக் கல்யாணங்களுக்கு வழக்கமாக இந்நேரம் யமுனா அம்மா சொல்லி வைப்பார். இன்றைக்குப் புதன்கிழமை. இன்னும் சொல்லவில்லை.

ஞாயிறு சாயந்திரம் அதிசயமாக நீங்களே போனை எடுத்து, நான் விவரம் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ரெண்டும் பாத்திரம்தானே மாமா, நல்லாக் கழுவித்தானே அனுப்புறோம்? இந்த வித்தியாசத்தையெல்லாம் உடைக்கிறதுதான் மாற்றம்." உடைப்பதற்கு நான் யார், நீங்கள் யார்? உங்களை ஒன்று கேட்கிறேன். பெங்களூரில் கறிக்கடையில் ஹலால்தானா என்று கேட்கிறீர்கள், கடைக்காரர் ஆமாம் என்கிறார், வாங்கிவந்து பிஸ்மி சொல்லிச் சாப்பிடுகிறீர்கள். ஒவ்வொரு ஆட்டையும் அறுக்கும்போது போய்ப் பக்கத்தில் நின்றீர்களா? நாளைக்கு அந்தக் கடைக்காரர், "ரெண்டும் கறிதானே, நல்லாக் கழுவித்தானே கொடுத்தேன்" என்றால் என்ன செய்வீர்கள்? அவர்கள் ஆசாரம் எனக்குப் புரிய வேண்டிய அவசியமில்லை. நான் கொடுத்த சொல் எனக்குப் புரிந்தால் போதும். உங்கள் கருவி அளவு பார்க்கும், எடை பார்க்கும், சும்மா கிடக்கிறதா என்று பார்க்கும். சொல்லுக்கு எடை கிடையாது, அதனால் அது பட்டியலில் ஏறவில்லை. சமுதாயத்தை மாற்றி அமைக்க வந்தவர்கள் முதலில் அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்திருக்கலாம். எங்கள் ஊரில் அது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கவிழ்த்துப் போட்ட அண்டா மேல் உட்கார்ந்திருந்தது.

ஆகையால் மரியாதையுடன் கேட்டுக்கொள்வது: வரும் வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் மாற்றத்தை எங்கள் கடையிலிருந்து கழற்றிக்கொண்டு போகவும். வராவிட்டால் ஆறு போனையும் ஒரு போணியில் போட்டு மூடி கட்டி உங்கள் ஆபீசுக்கே அனுப்பிவைப்பேன். அந்தப் பெண் குரல் அங்கே வந்து உங்களையெல்லாம் எழுந்து நடக்கச் சொல்லட்டும். என்னைக் கேட்காமல் என் கடையில் முடிவெடுக்கிற எதுவும், அது மெஷினானாலும் மருமகனானாலும், எனக்கு வேண்டாம். (இந்த வரியை அடிக்கச் சொல்லி உங்கள் மாமியார் கையைப் பிடிக்கிறாள். அடிக்க மாட்டேன்.)

மற்றபடி உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. என் மகளை நன்றாக வைத்திருக்கிறீர்கள், அந்த ஒன்றுக்காக உங்களுக்கு நான் ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். இறைவன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், நிறைந்த பரக்கத்தையும், உங்களுக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் காது கேட்கும் சக்தியையும் தருவானாக. உங்கள் மாமியார் ஓட்டு மாவுப் பலகாரமும் எலுமிச்சை ஊறுகாயும் தனியே அனுப்பியிருக்கிறாள். ஊறுகாயில் ஸ்டிக்கர் ஒட்டவில்லை, பயப்படாமல் சாப்பிடவும்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
தன் கடையில் தானே முதலாளியாக இருக்க விரும்பும்
மாமனார் நஜிமுதீன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் கலீம் வந்தான். "பாய், லெட்டர் போடுறதுக்கு முன்னாடி இதப் பாத்துடுங்க" என்று போனை நீட்டினான். எந்த நாளில் யார் எதை அழுத்தினார்கள் என்று கருவி எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது. போன மாதம் பதினெட்டாம் தேதி மத்தியானம்: 'ஒரே மாதிரியான பொருட்கள் இரண்டு பட்டியலில் உள்ளன. ஒன்றாகச் சேர்க்கலாமா?' கீழே: 'ஆம். நஜிமுதீன்.' எனக்கு ஞாபகம் வருகிறது. கண்ணாடி வீட்டில் இருந்தது. ஒருத்தர் திருப்பிக் கொண்டுவந்த ஜமுக்காளத்தில் குழம்புக் கறை. அவரோடு நான் கத்திக்கொண்டிருந்தேன். போன் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது, வாய் மூடட்டும் என்று அழுத்தினேன். ஒரு நாளைக்கு இருபது தடவை அப்படித்தான் அழுத்துகிறேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, "பட்டியல் பாதியாக் கொறஞ்சிடுச்சு, மாப்பிள்ளை கெட்டிக்காரர்" என்று நானே சொன்னேனாம். உங்கள் மாமியார் இப்போது சொல்கிறாள், இவ்வளவு நேரம் சும்மா நின்றுவிட்டு.

இதோடு முடியவில்லை. அதே கேள்வியைக் கருவி எனக்கு முன்னால் வீரம்மாளிடமும் கேட்டிருக்கிறது, அவளுக்குப் படிக்க வராது என்று வாயால் கேட்டிருக்கிறது. 'இல்லை. வீரம்மாள்.' மறுநாள் மறுபடியும், 'இல்லை. வீரம்மாள்.' மூன்றாம் நாளும் அதே. அதற்குக் கீழே, 'உரிமையாளரின் சொல்லே இறுதியானது' என்று போட்டு, என்னிடம் வந்திருக்கிறது. நீங்கள் அந்தப் பட்டனைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள்.

எட்டுப் பக்கம் எழுதியாகிவிட்டது, காகிதத்தை வீணாக்க மாட்டேன், அப்படியே அனுப்புகிறேன். ஸ்டிக்கர், பலூன், புகார்ப் பெட்டி பற்றி எழுதியதெல்லாம் நிற்கட்டும். மற்றதில் மாப்பிள்ளை என்று இருக்கும் இடத்தில் எல்லாம் மாமா என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். சுவரில் நீங்கள் காட்டிய அந்த வட்டத்து ஆளும் நான்தான் என்று நினைக்கிறேன், கண் இல்லை.

யமுனா அம்மா அரை மணிக்கு முன்னால் பேசினார். தையில் மூன்று கல்யாணம், பாத்திரம் நம்மிடம்தான் என்றார். நான், "அம்மா, இனிமே எதுவும் தப்பாது, நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். "நீங்க சொல்ல வேண்டாம் பாய், வீரம்மாள் சொல்லட்டும்" என்று வைத்துவிட்டார். ஆகவே கருவியைக் கழற்ற வேண்டாம். அந்தக் கடைசிச் சொல் பட்டனை மட்டும் என் பெயரிலிருந்து அவள் பெயருக்கு மாற்றிக்கொடுங்கள், வெள்ளிக்கிழமைக்குள். இதை எழுதும்போதே மேஜையில் போன் மினுக்கிக்கொண்டு என்னவோ கேட்கிறது, ஆமா இல்லையா என்று. நான் தொடவில்லை. வீரம்மாள் பின்னால் அண்டா தேய்த்துக்கொண்டிருக்கிறாள். ஏழாம் நம்பர்தான், தன் கையாலேயே தேய்த்து நம் கிடங்கில் திருப்பி வைக்க வேண்டும் என்று பாலம் தாண்டி வந்திருக்கிறாள். கை காய்ந்ததும் வந்து சொல்வாள்.